மாத்திரை என்றால் அளவு

மருந்து மிகையாகும்போது உடல் என்ன சொல்கிறது? பெங்களூரு வீடுகளிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

மார்கழி மாத விடியற்காலை. அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை கால் வைக்க முடியாதபடி சில்லிட்டிருந்தது. எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அம்மா மட்டும் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி. விரதம் முடிக்கச் சீக்கிரம் எழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும்தான் தெரிந்தது, ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியிலிருந்து வியர்வை கோடு போட்டு இறங்கியது. அடுப்பில் தண்ணீரே இல்லாத பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன். என்னை என் மாமா பெயர் சொல்லி அழைத்து, "பஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். நாக்கு குழறியது.

பக்கத்து வீட்டில் சுகர் பார்க்கும் கருவி இருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் 44. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை; ஐம்பத்து நான்குக்குக் கீழே போனால் ஆபத்து. அம்மாவால் விழுங்க முடிந்தது என்பது அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம். தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. "ஏன்டா எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறீங்க?" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, மதியத்துக்குள் சர்க்கரை மறுபடியும் இறங்கியது. இரவு முழுக்கக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பணியிலிருந்த இளம் டாக்டர், "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவாங்க" என்றார். அம்மாவின் பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கட்டில் மேல் கொட்டினோம். அவர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, இரண்டை மட்டும் தனியே எடுத்தார். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளி. பெயரும் வேறு, கம்பெனியும் வேறு. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டி, கன்னடத்தில் சொன்னார்: "எரடூ ஒந்தே." இரண்டும் ஒன்றுதான். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு.

பல வருடங்களாகப் பார்க்கும் டாக்டர் எழுதியது ஒன்று. கால் எரிச்சலுக்காக ஐந்து நாளைக்கு முன்னால் போன வேறொரு கிளினிக்கில் எழுதியது இன்னொன்று. பழையதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவரும் டாக்டர், இவரும் டாக்டர். ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். அது தப்பா?"

கீழ்ப்படிந்ததால் வந்த விபத்து

'ஓவர்டோஸ்' என்றதும் நம் மனம் ஒரு திசையில்தான் ஓடுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தவர் அல்லது போதைக்குப் பழகியவர். அந்த இரண்டு துயரமும் உண்மை. இந்தக் கட்டுரையில் அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் நடுத்தரக் குடும்பங்களின் மருந்து டப்பாவுக்குள் சத்தமில்லாமல் நடக்கும் மிகை வேறு வகை. சொன்னபடி கேட்கிற, வேளை தவறாமல் விழுங்குகிற, சீட்டைப் பத்திரமாக மடித்து வைக்கிற நோயாளிகளுக்கு அது நேர்கிறது.

அதன் அறிகுறிகள் பெரும்பாலும் நோயின் தோற்றத்திலோ முதுமையின் தோற்றத்திலோ வருகின்றன. அதனால்தான் தப்பிப்போகின்றன. அந்த ஐந்து நாளும் அம்மா மாலையில் அசந்து அசந்து தூங்கினார். காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.  நாங்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வயசாச்சு, குளிர் வேற.

சர்க்கரை இறங்கினால் படபடப்பு வருமே, அதுகூடவா தெரியவில்லை என்று கேட்கலாம். அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரை, இதயத் துடிப்பை அடக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை. அது நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. குளிரில் ஒரு சர்க்கரை நோயாளிக்கு வியர்த்தால், அது உடல் போடும் கூச்சல். அதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, வாசற்படியில் படித்தேன்.

ஒரு மருந்து, பத்துப் பெயர்

இந்தியாவில் ஒரே மருந்து எத்தனையோ வணிகப் பெயர்களில் விற்கிறது. அட்டையின் முகத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உடலுக்குள் வேலை செய்வது உள்ளே இருக்கும் மருந்து. முதல் பெயரைத்தான் நாம் மனப்பாடம் செய்கிறோம்.

பெங்களூருவில் தலைமையகம் கொண்ட ஒரு நிறுவனத்தின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தில் நாடு முழுக்க வீட்டுக்கு வீடு அறிந்த பெயராகிவிட்ட டோலோ 650. அதற்குள் இருப்பது 650 மில்லிகிராம் பாராசிட்டமால். குரோசினில் இருப்பதும் பாராசிட்டமால்தான், கால்பாலில் இருப்பதும் அதுதான். இது பலருக்குத் தெரியும். சளிக்கு வாங்கும் பல கூட்டு மாத்திரைகளிலும், மூட்டுவலிக்கு எழுதித் தரும் பல மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் சேர்ந்திருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மூட்டுவலிக்காரர் ஒருவருக்குச் சளியோடு காய்ச்சல். காய்ச்சலுக்கு 650. சளி மாத்திரையில் 500. வலி மாத்திரையில் 325. ஒரு வேளைக்கு 1,475 மில்லிகிராம் ஆகிவிட்டது. மூன்று வேளைக்கு 4,425. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம். மெலிந்தவர், கல்லீரல் நோயாளி, தினமும் குடிப்பவர், சில நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்றால் வரம்பு அதைவிடக் குறைவு. இவர் எந்த மாத்திரையையும் அளவுக்கு மேல் எடுக்கவில்லை. மூன்றையும் சொன்னபடிதான் எடுத்தார். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சத்தமில்லாத முதல் நாள்

பாராசிட்டமாலின் மிகையைப் பற்றி ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், வாந்தி, சோர்வு, வெளிறிய முகம். சிலருக்கு அதுகூட இருக்காது. 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வீடு மூச்சு விடும்.

உள்ளே நடப்பது வேறு. இந்த மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாமல் கழித்துவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்க கல்லீரலில் குளூட்டாதியோன் என்ற காவல் பொருள் இருக்கிறது. வழக்கமான அளவில் காவல் போதும். மிகையானால் காவல் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலி வரும். மூன்று நான்கு நாளில் கண் மஞ்சளாவது, ரத்தம் உறையாமல் கசிவது, மனக்குழப்பம். அப்போது ஓடிவருபவருக்கு மருத்துவர்கள் செய்யக்கூடியது சுருங்கிவிடுகிறது.

இந்தச் சோகத்துக்கு நடுவே ஒரு நல்ல செய்தி உண்டு. பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும் என்று 1966-இல் பிரிட்டனில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1970-களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினரும் மற்ற ஆய்வாளர்களும் மாற்று மருந்தைத் தேடியதன் பலன், என்-அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கக் கொடுக்கும் அதே பழைய மருந்து, கல்லீரலின் காவல் பொருளை மீண்டும் நிரப்புகிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். அதன் பிறகு கொடுத்தாலும் பலன் உண்டு, ஆனால் நேரம் போகப்போகக் குறையும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தெரிந்தால், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து ஆபத்தைக் கணிக்க 1975-இல் ருமாக்கும் மாத்யூவும் வகுத்த வரைபடம் இன்றும் உதவுகிறது. எனவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாத மருந்து இது. கூடிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே கிளம்ப வேண்டும்.

கூடுதலாக ஒன்றுகூட விழுங்காமல்

மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே மருந்து மிகையாக முடியும். இதைப் புரிந்துகொள்ள ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற இந்த மனநல, நரம்பியல் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமானோர் வருகிறார்கள். அங்கு எழுதித் தரும் மருந்துகளில் சில, அளவின் இடுக்கு மிகக் குறுகியவை.

லித்தியம் அவற்றில் ஒன்று. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மருந்தாகக் கண்டுசொன்ன இந்த எளிய உப்பு, இருமுனைக் கோளாறில் எத்தனையோ பேரின் வாழ்க்கையை நிலைநிறுத்தியிருக்கிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலோருக்கு மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நச்சின் பக்கம் சாய்கிறது. இதை ஏறக்குறைய முழுமையாக வெளியேற்றுவது சிறுநீரகம்தான். உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சித்திரை வெயிலில் ஊருக்குப் போய்வந்த பயணம், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, பல்வலிக்கு வாங்கிப் போட்ட வலி மாத்திரை, பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்த நீர் மாத்திரை, இவற்றில் எது நடந்தாலும் அதே பழைய அளவு மிகையாகிவிடலாம்.

அறிகுறிகள் இப்படி வரும்: கையின் மெல்லிய நடுக்கம் சட்டைப் பொத்தான் போட முடியாத பெரிய நடுக்கமாகும். வாந்தி, பேதி. நடை தள்ளாடும், பேச்சு குழறும், மந்தமாக இருப்பார். தெரியாதவர்கள் குடித்திருக்கிறார் என்பார்கள். வீட்டில் இருப்பவர்களோ நோய் திரும்பிவிட்டது என்று நினைப்பார்கள். இரண்டும் தவறாகி, நாள்கள் கழியும். கடைசி வேளை மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் இப்படித்தான். ஓர் எல்லைக்குப் பிறகு, அளவில் செய்யும் சின்னக் கூட்டல் ரத்தத்தில் பெரிய ஏற்றமாகிவிடும். விழிகள் நடுங்கும், எதிரில் இருப்பது இரண்டாகத் தெரியும், நடை கோணும்.

முதியவர்கள் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஐம்பது வயதில் எழுதிய அளவை எழுபது வயதுச் சிறுநீரகம் அதே வேகத்தில் கழிக்காது. மாத்திரை மாறவில்லை, ஆனால் உடல் மாறிவிட்டது. அம்மாவுக்கும் அதுவும் சேர்ந்திருந்தது: இரட்டை அளவு, ஏகாதசிப் பட்டினி, வயதான சிறுநீரகம். "சாப்பாட்டைத்தான் விட்டேன், மாத்திரையை விடவே இல்லை" என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னார். பட்டினி நாளில் விடக் கூடாதது எது, டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டியது எது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இதயத்தைக் காக்கும் கத்தி முனை

பன்னேர்கட்டா சாலையிலிருக்கும் ஜெயதேவா இதய மருத்துவமனை போன்ற இடங்களில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒரு சொல் நன்றாகத் தெரியும்: ஐ.என்.ஆர். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும் எண் அது. வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் தருகிறார்கள். வால்வின் வகையையும் இடத்தையும் பொறுத்து அந்த எண் 2 முதல் 3 வரையோ 2.5 முதல் 3.5 வரையோ நிற்க வேண்டும். கீழே இறங்கினால் அடைப்பு. மேலே ஏறினால் ரத்தக்கசிவு.

வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொருள் ஒன்று, அளவு வேறு. இதைச் சாப்பிடுபவருக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் நிற்காத ரத்தம், இடிபடாமலே தோலில் நீலத் திட்டு, தார் போன்ற கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், திடீரென்று வந்த கடும் தலைவலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். தலைவலியோ கறுப்பு மலமோ என்றால் நேராக அவசரப் பிரிவு. வயிற்றுப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் கூட இந்த எண்ணை எகிற வைக்கும்.

டிஜாக்சின் இன்னும் பழைய மருந்து. 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றி எழுதிய நூலிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. எழுதும்போதே அவர் அதன் மிகையையும் விவரித்துவிட்டார். பசி அறவே போகும், குமட்டும், நாடி மெதுவாகும். வெளிச்சத்தைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக வளையம் தெரியும். நம் ஊர் டாக்டர்கள் பலர் இதை வாரத்தில் ஐந்து நாள் மட்டும் போடச் சொல்வது இந்தக் குறுகிய எல்லையை மனத்தில் வைத்துத்தான். 'சனி, ஞாயிறு வேண்டாம்' என்று சீட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும் அந்தச் சின்ன வரி உயிர்க்காப்பு வரி. சீட்டைப் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் கோடு.

வாரம் ஒன்று, நாளொன்று

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். உலகம் முழுக்க மருத்துவமனைகள் எச்சரிக்கும் பிழை, அதைத் தினமும் விழுங்கிவிடுவது. மற்ற எல்லா மாத்திரையும் தினமும் என்றிருக்கும் டப்பாவில் இது ஒன்று மட்டும் வாரம் என்றால் கை தவறுவது எளிது. முதலில் வாயெல்லாம் புண். சாப்பிட முடியாது. பிறகு காய்ச்சல், ரத்த அணுக்கள் சரிவு, கசிவு. வாய்ப்புண்ணுக்குத் தனியாகத் தைலம் வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். இந்த மருந்தைச் சாப்பிடுபவர், 'எந்தக் கிழமை' என்று கிழமையின் பெயரைச் சீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும்.

இன்னொரு கை தவறுதல், மாத்திரையை உடைப்பது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரை. விழுங்கச் சிரமம் என்று பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால், ஒரு நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிவிடும்.

குழந்தை மருந்தும் சமையலறை ஸ்பூனும்

குழந்தைக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. அதாவது ஒரு மில்லி சொட்டு மருந்து, 125 சிரப்பில் நான்கு மில்லிக்குச் சமம். சிரப்புக்குச் சொன்ன ஐந்து மில்லியைச் சொட்டு மருந்திலிருந்து ஊற்றினால் நான்கு மடங்கு. இரண்டு பாட்டிலும் ஒரே பெயர், ஒரே படம், ஒரே மணம். ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்து அது. பாட்டிலோடு வந்த அளவுக் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு.

தாத்தாவின் சுகர் மாத்திரை, அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரை, இவை குழந்தைக்கு மிட்டாய் போலத் தெரியும். பெரியவருக்குச் சாதாரணமான ஒரு சுகர் மாத்திரை சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. டப்பா எட்டாத உயரத்தில், பூட்டுக்குள் இருக்கட்டும்.

மூச்சைப் பாருங்கள்

தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான அல்ப்ரசோலம் வகை, டிரமடால் போன்ற கடும் வலி மருந்துகள். இவை கூடினால் தூக்கம் மயக்கமாகும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அபின் குடும்ப வலி மருந்து என்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். மூச்சு மெதுவாகி, குறட்டை போல் விட்டு விட்டு வரும். 'நன்றாகத் தூங்குகிறார்' என்று போர்வையை இழுத்து மூடிவிடாதீர்கள். தட்டி எழுப்பினால் எழவில்லை என்றால் அது தூக்கமே இல்லை. நாலோக்சோன் என்ற மாற்று மருந்து இந்த வலி மருந்துகளின் பிடியை நிமிடங்களில் தளர்த்தும். அதற்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும்.

வேண்டுமென்றே விழுங்கிவிட்டார் என்று தெரிந்தாலும் கோபத்தையும் கேள்வியையும் தள்ளிவையுங்கள். அவமானம் என்று மறைக்காமல், என்ன மருந்து, எப்போது என்ற உண்மையை மருத்துவரிடம் சொல்லுங்கள். மனம் தாங்காத வேளைகளில் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இந்தத் தேசிய சேவைக்கு மையமே நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

மருந்து கூடிவிட்டது என்ற சந்தேகம் வந்தால்:

- 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.
- உப்புத் தண்ணீர் கொடுத்தோ, விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பால், மோர், புளித்தண்ணீர் எதுவும் மாற்று மருந்து ஆகாது.
- சர்க்கரை நோயாளி நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை. கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும்.
- அட்டை, காலிப் பாட்டில், சீட்டு, குப்பைக்கூடையில் கிடக்கும் துண்டு, எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொள்ளுங்கள்.
- கடைசியாக எப்போது, எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
- டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டும்.

கடையின் கத்தரிக்கோல்

வீட்டை மட்டும் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. மருந்தின் பொதுப்பெயர், வணிகப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அட்டையில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு கட்டாயம்; போனில் பிடித்தால் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் தெரியும். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எழுத்து ஆங்கிலம். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எத்தனை தாய்மார்கள் நிறத்தையும் வடிவத்தையும் வைத்தே மாத்திரையை அடையாளம் காண்கிறார்கள்! போன மாதம் ரோஸ், இந்த மாதம் கம்பெனி மாறி மஞ்சள் என்றால் அவர்களுக்கு அது புது மருந்து. பழையதும் மிச்சம் இருந்தால் இரண்டும் உள்ளே போகும்.

கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். பெயர் ஒரு பாதியில், காலாவதித் தேதி மறு பாதியில் போய்விடுகிறது. 1-0-1 என்று உறைமேல் கிறுக்கியதுதான் மிச்சம். மருந்து கொடுப்பது தகுதி பெற்ற மருந்தாளுநரின் வேலை என்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டமே சொல்கிறது. அவர் கடையில் இருந்து, "வேறு என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மாவுக்கு அந்த விடியற்காலை வந்திருக்காது. டாக்டர் கேட்டிருந்தாலும் வந்திருக்காது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய 'தீங்கில்லா மருந்து' இயக்கம் கேட்பதும் இந்த அக்கறையைத்தான். ஒரு மூத்த நோயாளிக்குப் புதிதாக ஒன்றை எழுதும் முன் பழையவற்றை எல்லாம் பார்ப்பது கூடுதல் சலுகை ஆகாது. அது சிகிச்சையின் முதல் வரி.

அரை மாத்திரை

அம்மா முப்பது வருடம் தமிழாசிரியை. இந்த ஊரின் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்திலக்கணம் நடத்தியவர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று விரலைச் சொடுக்கிக் காட்டுவாராம். மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். நோய்க்கு விழுங்கும் உருண்டைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள், பொருளைவிட அளவே மருந்து என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். கன்னடத்திலும் அதே சொல்தான், மாத்ரெ.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அம்மா பழைய பால் கணக்கு நோட்டை எடுத்து, நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் அட்டையின் பெயர். மறு பக்கம் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், என்னைப் படிக்கச் சொல்லித் தன் கையால் தமிழில்: கிளிமிபிரைடு, மெட்பார்மின், மெட்டோபுரோலால். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டு கூடப் போகிறது. வலப் பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அவர் எழுந்து வர மாட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வருவார்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சிறுநீரகப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, கிளிமிபிரைடைக் குறைத்தார். நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை அது, பிளக்கலாம். தினமும் காலையில் டிபன் தட்டு முன்னால் வந்த பிறகுதான் அம்மா அதை எடுத்து, இரண்டாகப் பிளந்து, பாதியை டப்பாவில் திரும்ப வைக்கிறார். மெய்யெழுத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. அந்த அரை மாத்திரை இந்த மார்கழிக் குளிரிலும் அவருக்குப் போதுமாக இருக்கிறது.